எழுந்தால் விக்கெட் போகும்

சோபா என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அதை ஏதோ பொதுச்சொத்து மாதிரி பேசுகிறார்கள். மூன்று பேர் உட்காரக்கூடிய சோபா, அப்பா வாங்கிப் போட்டது. நடுவில் ஸ்பிரிங் செத்துப்போய், உட்கார்ந்தவருடைய முழங்கால் அவர் காதைத் தொடுகிற நிலை வந்த பிறகு, நான் வேலை செய்யும் குஷன் கடைக்கே கொண்டுபோய் இறக்கினேன். நாலு மாதம் ஆயிற்று. ஊரார் சோபாவெல்லாம் வந்து, பிரிந்து, புதுசாகி வீடு திரும்பின. என்னுடையது மட்டும் மூலையில் எலும்பும் சாக்குத் துணியுமாக நின்றது. கடையில் வேலை செய்கிறவள் வீட்டுச் சாமான் கடைசியில்தான் ஆகும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்று முதலாளியைக் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்து சேரவே கொஞ்ச நேரம் ஆகும்.

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஒரு நாற்காலிக்கு உறை போட வேண்டுமென்றால் துணியை விரிப்பார், தடவுவார், டீ குடிப்பார், மறுபடி தடவுவார், அப்புறம்தான் கத்தரிக்கோலைத் தேடுவார். ஆனால் அவர் அடித்த ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட வெளியே தெரியாது. மூலை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பதறாத காரியம் சிதறாது என்பார். காரியமே நடக்காவிட்டால் சிதற என்ன இருக்கிறது என்பேன் நான். உறை தைப்பது, ஜிப் வைப்பது, ஓரத்துக்குப் பைப்பிங் கொடுப்பது எல்லாம் என் மெஷினில். கடையில் வேகமாக ஓடுகிற ஒரே பொருள் அதுதான்.

இந்த மனிதரைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். சிரிக்க வேண்டாம். என் முதல் கல்யாணம் ஒரு வருடம்கூடத் தாங்காமல் கோர்ட்டில் போய் முடிந்தது. அழ வேண்டியதையெல்லாம் அப்போதே அழுது தீர்த்தாயிற்று. அதற்குப் பிறகு, இனி யாரும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் ஒரு காலையில் வந்து பார்த்தால் என் மெஷின் நாற்காலியில் புது குஷன் கிடந்தது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதை எத்தனை நாள் கவனித்தாரோ, இடுப்பு பக்கம் மட்டும் ஃபோமைக் கொஞ்சம் தடிமனாக வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க மெஷின் ஒரு மாதிரியாகப் பாடிக்கொண்டே ஓடியது.

பிறகு, சோபா கடைக்கு வந்த சமயத்தில், அவரே ஒருநாள் கேட்டார், நாம் சேர்ந்திருந்தால் என்ன என்று. நான் மறுநாளே சரி என்றேன். அத்தோடு நின்றது. எங்கள் வீட்டில் அண்ணன்தான் எல்லாம். வெளியூரில் புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கிறார், அம்மாவும் அவரோடுதான். அவரிடம் வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்றால், பேசுறேன் என்பார். இரண்டு முறை அண்ணன் வந்துபோனார். இரண்டு முறையும் இவருக்கு அவசர வேலை. இவருக்கு அவசரம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பயம்தான். யாராவது முகத்துக்கு நேரே கேள்வி கேட்டால் இவருக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது முறையாக அண்ணன் அந்தச் சனிக்கிழமை வந்திருந்தார். சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். கையில் வேறொரு இடத்துப் பேச்சும் கொண்டுவந்திருந்தார்: அவருடைய சிநேகிதர், போன் கடைக்காரர், கேட்ட அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கும் அதில் இஷ்டம். நான் கிளம்புவதற்குள் உன் ஆள் வந்து பேசினால் பேசட்டும், இல்லையென்றால் இதை முடித்துவிடலாம் என்றார் அண்ணன். நானும் சரி என்றேன். எத்தனை நாள்தான் ஒரு பெண் மதில்மேல் பூனைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது.

சனிக்கிழமை காலை கடைக்குள் நுழைந்ததும் ஆணியில் ஒரு புதுச் சட்டை தொங்குவதைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத வெளிர் நீலம். என் சோபாவும் முடிகிற கட்டத்தில் இருந்தது. இரவு உட்கார்ந்து அடித்திருக்கிறார். மதியம் சோபாவை ஏற்றிக்கொண்டு, கூடவே தானும் வருவதாகச் சொன்னார். எனக்குள் எதுவோ குதித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், பைப்பிங் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் கெடுக்க டெஸ்ட் மேட்ச் வந்தது. மூன்றாம் நாள் ஆட்டம்.

எங்கள் கடையில் ஒரு டி.வி. உண்டு. அதனால் ஒரு சபையும் உண்டு. மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவர். ஊசி போட்டுவிட்டு மரக்கிற நேரத்தில் கீழே இறங்கி வருவார். நிதானத்தின் தங்கையைக் கட்டிய மச்சான் ஒருவர். அவர்தான் எங்கள் லோடு வண்டியை ஓட்டுகிறவர், இருபது ஓவர் ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் தூக்க மாத்திரை என்று நம்புகிறவர், அதனால் பெயர் சிக்ஸர். அன்றைக்குப் புதிதாக ஒருவரும் சேர்ந்தார். டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டு, அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னதால், ஆட்டம் பார்க்கலாம் என்று கூடவே இறங்கி வந்தவர். அரை மணி எப்போதோ போய்விட்டது. அவர் போகவும் இல்லை, பஞ்சை எடுக்கவும் இல்லை. கேட்டால் விரலால் பதில் சொல்வார்.

இந்தச் சபைக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் இது யார் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். சமம் என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது. இரண்டு, நம் ஆட்கள் அவுட்டாகாமல் நிற்கும்வரை யாரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக்கூடாது. எழுந்தால் விக்கெட் போகும். டாக்டருக்கு மட்டும் விலக்கு. அவர் ஏறி இறங்கியே பல ஆட்டங்களைக் காப்பாற்றியிருப்பதால் அவருடைய நடமாட்டம் ராசி என்று தீர்ப்பாகியிருந்தது. டீ பிரேக்கில் எல்லோரும் எழலாம். ஆட்டக்காரர்களே எழுந்து போகிறார்களே.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானம் கடைசிப் பின்னை அடித்தார். ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்தார். அந்த நிமிடம்தான் நம் ஐந்தாவது விக்கெட் விழுந்து, நம் விக்கெட் கீப்பர் ஆட உள்ளே வந்தான். பொடியன் வயதுதான், குட்டி என்று சபை பெயர் வைத்திருந்தது. எதிர்ப்பக்கம் நிற்பவர் ஆமை. காலையிலிருந்து நின்று, பந்தைத் தொடுவதே பாவம் என்பதுபோல விட்டுக்கொண்டிருந்தவர். எதிரணி எடுத்ததைத் தொட இன்னும் நூறு ரன்னுக்கு மேல் வேண்டும். இவர்கள் போனால், பின்னால் வருகிற வாலுக்கு மட்டை பிடிக்கவே தெரியாது.

இருவரும் நின்றார்கள். நின்றார்கள் என்பதைத் தவிர அந்த மதியத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. பந்து வரும், ஆமை மட்டையை உயரத் தூக்கிக்கொண்டு வழிவிடுவார், எதிரணிக் கீப்பர் பிடிப்பார், எல்லோரும் இடம் மாறி நிற்பார்கள். அவர்கள் மாறலாம், எங்கள் கடையில் மாறக்கூடாது. நிதானம் இடது மூலையில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சிக்ஸருக்குப் பொறுக்கவில்லை. இது ஆட்டமா, ரேஷன் வரிசையா என்று ஆரம்பித்தார். அடிக்கிறவன் அடிக்கவில்லை, போடுகிறவன் எடுக்கவில்லை, ஒரு நாள் முழுக்க ரெண்டு பக்கமும் சும்மா நின்றுவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றார். டாக்டர் விடவில்லை. ஒவ்வொரு பந்திலும் ஒரு சண்டை நடக்கிறது, பார்க்கிற கண் வேண்டும் என்றார். பந்து போடுகிறவன் ஓவருக்கு ஒரு விரல்கடை உள்ளே கொண்டுவருகிறான், ஆமை அதே ஒரு விரல்கடை காலை நகர்த்துகிறார், இதைவிட விறுவிறுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"டாக்டர், நீங்க பல்லையும் இப்படித்தான் அஞ்சு நாள் பிடுங்குவீங்களா?" என்றார் சிக்ஸர்.

"பிடுங்க அஞ்சு நிமிஷம்தான். பிடுங்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணத்தான் நாளாகும்."

பஞ்சுக்காரர் அதை ஒப்புக்கொண்டு கன்னத்தைத் தடவினார்.

யார் பக்கம் என்ற கேள்வி வந்தது. சிக்ஸர் எதிரணி என்றார். இன்னும் ஒரு விக்கெட் போனால் கதை முடிந்தது. டாக்டர் நாம்தான் என்றார். பந்து பழசாகிவிட்டது, போடுகிறவர்கள் தோள் தொங்கிவிட்டது. பஞ்சுக்காரர் வலது கையில் ஒரு விரலும் இடது கையில் ஒரு விரலும் காட்டினார். அது சமம், செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். நிதானத்தைக் கேட்டார்கள். வழக்கமாக என்ன சொல்வாரோ அதையே சொன்னார்: சாயங்காலம் பார்த்துட்டுச் சொல்றேன். சாயங்காலம் கேட்டால் நாளைக்கு என்பார். ஐந்தாம் நாள் கேட்டால், முடிஞ்சதைப் பத்திப் பேசி என்ன என்பார்.

எனக்குத் தலைக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னேன், பந்தை விடுவதற்குப் பெயர் ஆட்டம் என்றால் நானும் பெரிய ஆட்டக்காரிதான், எத்தனையோ விட்டிருக்கிறேன் என்று. நிதானம் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக, "விடுறதும் ஆட்டம்தாங்க" என்றார்.

"எதை விடுறோம்னு தெரிஞ்சு விடணும்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் குட்டி ஒரு பந்தை விளிம்பில் தட்டி, அது ஸ்லிப்புக்கு முன்னால் தரையில் விழ, சபை முழுவதும் மூச்சை இழுத்தது. அவர் பதிலும் அந்த மூச்சோடு போயிற்று.

டீ பிரேக் வந்தது. அவர் எழுந்து, பின்னால் போய் முகம் கழுவி, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நல்லாத்தான் இருந்தார், அதுதான் எனக்கு இன்னும் கோபம். கிளம்பலாமா என்றேன். சோபாவோடு சேர்ந்து வருகிறேன் என்றார். சோபாவை ஏற்ற வண்டி வேண்டும். வண்டியோ அரை மூட்டை ஃபோமோடு தெருமுனையில் யாருக்கோ இறக்க நின்றது, சிக்ஸர் போய் எடுத்து வர வேண்டும். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் இவர் உட்கார்ந்தாக வேண்டும். நான் பையை எடுத்தேன்.

"அண்ணன் அஞ்சரைக்குக் கிளம்புறார். அதுக்கப்புறம் சோபா மட்டும் வந்தாப் போதும், நீங்க வர வேண்டாம்."

"வர்றேன்," என்றார். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னார்.

வீட்டில் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பை கட்டி வைத்தாயிற்று. சோபா இருந்த இடத்தில் வெறும் தரை, நாலு கால் தடம் மட்டும். அண்ணன் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்து அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த ஜாதி என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சின்ன வயதில் ரேடியோ கேட்கும்போது நான் தும்மியதால் ஒரு விக்கெட் போனதாக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்.

வந்துட்டாரா என்று கேட்டார். வருவார் என்றேன். தெரு தெரியும்படி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்று மட்டும் மனதுக்குள் தீர்மானம் பண்ணிக்கொண்டேன்: இனி நானாக எழுந்து போகமாட்டேன். வாங்க என்று எதிர்கொண்டு அழைக்கவும் மாட்டேன். அவரே படியேறி வரட்டும். நாலு மாதம் நான் நின்றது போதும்.

ஆட்டம் ஓடியது. ஆமை விட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் முனகினார், இப்படி ஆடினால் எப்போது ஜெயிப்பது என்று. கொஞ்ச நேரம் கழித்து, பரவாயில்லை, நிற்கிறார்கள் என்றார். அப்புறம், அம்மாடி, கொஞ்சம் தண்ணி கொடு என்றார்.

"இந்த ஓவர் முடியட்டும்ண்ணா," என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நான் படியில் உட்கார்ந்ததிலிருந்து விக்கெட் விழவில்லை. அதனால் எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது, தண்ணீர் கொடுக்கக்கூட மனசு வரவில்லை. கடையில் நாலு வருடம் காற்றைச் சுவாசித்தால் இதுதான் நடக்கும். நாலு கிழங்களைத் திட்டிக்கொண்டே நான் ஐந்தாவது ஆளாகியிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. அந்த மனிதர் அங்கே எந்தப் பிடிவாதத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அதே பிடிவாதத்தில்தான் நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். யார் முதலில் எழுவது என்பதுதான் கேள்வி.

அண்ணன் தானே போய்த் தண்ணீர் குடித்தார். விக்கெட் விழவில்லை. அவர் ராசிக்கு வெளியே போல.

கடையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சிக்ஸர் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன். வண்டி வந்து நின்றதும் நிதானம் சோபாவைத் தூக்கலாம் என்று எழப் போயிருக்கிறார். சபை கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறது. இவ்வளவு நேரம் நின்ற ஜோடி, இன்னும் கொஞ்ச நேரம்தான் ஆட்டம், இப்போது எழுந்து எல்லாவற்றையும் கெடுக்கப் போகிறாயா என்று சிக்ஸர் கேட்டிருக்கிறார். நாளெல்லாம் இந்த ஆட்டத்தைக் கேலி பண்ணியவரும் அவரேதான். நிதானம் மணியைப் பார்த்திருக்கிறார், டி.வி.யைப் பார்த்திருக்கிறார், நான் போயாக வேண்டும் என்றிருக்கிறார். அப்போது டாக்டர்தான் சட்டத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எழக்கூடாது என்றுதானே சட்டம்? உட்கார்ந்த இடம் நகரக்கூடாது என்று எங்கே இருக்கிறது?

ஆக, அவரோடு சேர்த்தே சோபாவைத் தூக்கிவிட்டார்கள்.

நான் முதலில் பார்த்தது தெருமுனையில் திரும்பிய வண்டியை அல்ல, அதன் பின்னால் ஓடிவந்த பிள்ளைகளைத்தான். பிறகு வண்டி பின்பக்கமாக வந்து வீட்டு முன்னால் நின்றது. திறந்த வண்டியில் என் சோபா. இடது மூலையில், இரண்டு கையும் முழங்கால் மேல் வைத்து, நீலச் சட்டையில், போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி நிதானம். ஒருபக்கம் டாக்டர் சோபா கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டியபடி. மறுபக்கம் பஞ்சுக்காரர், கன்னம் வீங்கி, கடமையே கண்ணாக. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது. அதே சமயம், வந்துவிட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் எழவில்லை.

அண்ணனுக்குச் சொல்லியிருந்த ஆட்டோவும் அதே நேரம் வந்து வண்டிக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. அண்ணன் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவரா?"

"இவர்தான்," என்றேன். வேறு என்ன சொல்வது.

சிக்ஸர் வண்டியிலிருந்து குதித்து வந்து, கடைசி ஓவர்தான் தங்கச்சி, ஆறே பந்து, முடிந்ததும் மச்சான் இறங்கி வந்து முறையாகப் பேசுவார் என்றார். டாக்டர் மேலிருந்து மரியாதையாக, அவசரமென்றால் அண்ணன் வண்டிப் பக்கம் வந்து நின்றாலே போதும், அப்படியே பேசிவிடலாம் என்று யோசனை சொன்னார். அண்ணன் முகம் கறுத்தது. பெண் கேட்க வந்த மனிதன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, தன்னை இறங்கி வரச் சொல்வதா? நான் உதட்டைக் கடித்தேன். முடிந்தது என்று நினைத்தேன். போன் கடைக்காரரின் முகம் எப்படியிருக்கும் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் வண்டியருகே போய், ஏன் இறங்கமாட்டார், கால் சரியில்லையா என்று கேட்டார். டாக்டர் போனைத் திருப்பிக் காட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார், தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். அவர் குரல் மாறியது.

"எப்பலேருந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"மத்தியானத்துலேருந்து," என்றார் நிதானம். "அஞ்சாவது விழுந்ததுலேருந்து."

"டீ பிரேக்ல மட்டும் எழுந்தீங்களா?"

"ஆமாங்க."

அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எழுந்திருக்காதீங்க. உட்காருங்க. முடியட்டும்."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கென்று இருந்த ஒரே அண்ணனும் அந்தப் பக்கம் போய்விட்டார். தெருவே ஒரு பக்கம், நான் மட்டும் படியில். ஆட்டோக்காரர்கூட இறங்கி வந்து போனை எட்டிப் பார்த்தார். இனி நிதானம் உட்கார்ந்திருக்க யாருடைய தடையும் இல்லை. சிக்ஸர் சொல்லியாயிற்று, டாக்டர் சொல்லியாயிற்று, பெண் வீட்டுக்காரரே உத்தரவு கொடுத்தாயிற்று. ஆறு பந்தில் மூன்று போய்விட்டது. ஆமை மூன்றையும் விட்டார்.

நிதானம் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கடையில் துணியை வெட்டுவதற்கு முன்னால் பார்ப்பாரே, அப்படி, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல். நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"இல்லைங்க," என்றார் அண்ணனிடம். "வர்றேன்னு சொல்லியிருந்தேன்."

எழுந்தார்.

நானும் எழுந்துவிட்டேன். தீர்மானமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. மரத்த கால் என்னைக் கேட்காமலே நிமிர்ந்தது.

வண்டியிலிருந்து ஒரு ஓலம் வந்தது. அண்ணன் போனிலிருந்து அதே ஓலம் கொஞ்சம் தாமதமாக வந்தது. நாளெல்லாம் விட்டுக்கொண்டே இருந்த ஆமை, விடவேண்டிய ஒரு பந்தை எட்டித் தொட்டு, ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்துவிட்டார்.

சிக்ஸர் தலையில் கை வைத்துக்கொண்டு பம்பரில் உட்கார்ந்தார். டாக்டர் போனை அணைத்தார். நிதானம் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கோர் என்ன, யார் போனது, ஒன்றும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து ஜாக்கிரதையாக இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றார். நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர், தங்கச்சியை எனக்குக் கட்டிக் கொடுங்க என்றார். முழு வாக்கியமாகச் சொன்னார்.

அண்ணன் இன்னும் விக்கெட்டிலேயே இருந்தார். "மூணு பந்து. இன்னும் மூணே மூணு பந்து பொறுத்திருக்கக்கூடாதா?"

"நாலு மாசம் பொறுத்தாச்சுங்க. அவங்களைப் பொறுக்க வெச்சுட்டேன். நான் எழுந்ததாலதான் போச்சு, ஒத்துக்கறேன்."

இந்தப் பழியை அவர் மட்டும் சுமந்துகொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. "அவரில்லண்ணா," என்றேன். "நானும் ரொம்ப நேரமா உட்கார்ந்திருந்தேன். நான்தான் முதல்ல எழுந்தேன்."

தெரு முன்னால், அண்ணன் முன்னால், இதைவிட வெட்கங்கெட்ட வார்த்தையை நான் சொன்னதில்லை. எழமாட்டேன் என்று இருந்தவள் எழுந்தேன் என்று நானே சொன்னேன். நிதானம் என்னைப் பார்த்த பார்வையில் அவசரம் இருந்தது. அதை முதல்முறையாகப் பார்த்தேன்.

உடனே சபை கூடிவிட்டது. மச்சான்தான் முதலில் எழுந்தார், நான் கண்ணால் பார்த்தேன் என்றார் சிக்ஸர். இல்லை, வாசல்படியில்தான் முதல் அசைவு என்றார் டாக்டர். ஆட்டோக்காரர் டாக்டர் பக்கம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு அம்மா சிக்ஸர் பக்கம். இரண்டுக்கு இரண்டு. நடுவில் அண்ணன், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மாதிரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது பஞ்சுக்காரர் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். பத்திரமாகக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அவர் பேசிய ஒரே வார்த்தை இதுதான்.

"ஒண்ணாத்தான் எழுந்தாங்க."

சமம் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணன் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாளைக் காலை ஆட்டம் எங்கே பார்ப்பது என்று டாக்டரிடம் விசாரித்தார். நாலு பேரும் சோபாவைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, பழைய கால் தடத்தின் மேலேயே சரியாக வைத்தார்கள். உட்காருங்க என்றேன். நிதானம் எந்தப் பக்கம் உட்கார்வது என்று தயங்கினார். எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள், விழுகிற விக்கெட் விழட்டும் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டவுடனே வந்தது.

அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டார். முதலில் ஸ்கோரைச் சொன்னார். இன்னும் முப்பது சொச்சம் வேண்டும், நாலு விக்கெட் கையில் இருக்கிறது, யார் பக்கம் என்று இப்போது சொல்லவே முடியாது என்றார். அம்மா என்னைப் பற்றிக் கேட்டிருப்பாள். அண்ணன் சோபாப் பக்கம் பார்த்துக்கொண்டே, ஆமாம்மா, வந்தாரு, எழுந்து வந்தாரு என்றார். எழுந்து வருவதில் என்னடா இருக்கிறது என்று அம்மா கேட்டது எனக்கே கேட்டது.

"உனக்குப் புரியாதும்மா," என்றார் அண்ணன். "கடைசி ஓவர்ல எழுந்து வந்தாரு."